மாமா சொல்லாத நன்றி

சின்னவளுக்கு,

இங்கே மாமாவைத் தவிர எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் வேளைக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமா இரண்டாவது ஆபரேஷனுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. இன்று மதியம் வார்டு வாசலில் அவருடைய டாக்டரே என்னிடம் சொன்னார். சம்மதித்துவிட்டார் என்று கம்பெனி சுற்றுக்கு விட்டிருக்கும் வீடியோவை நம்பாதே, அதை எடுத்தபோது அந்த அறையில் நானும் நின்றிருந்தேன்.

பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போனவர் நினைப்பதைக் கம்ப்யூட்டர் படித்துப் பேசும் என்று மாமாவின் மண்டைக்குள் முடி போன்ற கம்பிகளை வைத்தார்களே, அதை நேற்று பணம் போடுகிறவர்களுக்குக் காட்டினார்கள். கட்டிலைச் சுற்றிக் கோட்டு போட்ட கூட்டம். ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் குரலில் வந்தது, அனைவருக்கும் மனமார்ந்த நன்றி, கூடுதல் கம்பிகள் வைக்க முழுச் சம்மதம் என்று. உயிருக்கே ஆபத்து உண்டு என்று டாக்டர் எச்சரித்த ஆபரேஷன் அது. கோட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். லேத் பட்டறையில் வாயைத் திறந்தாலே இரும்புத்தூள் பறக்கும் உன் மாமாவா இப்படிப் பேசுவார்? அத்தை எழுந்துவிட்டாள். "கட்டின நாள்லேர்ந்து எனக்கே ஒரு நன்றி சொன்னதில்ல. இது யாரு பேசுறது?"

கம்பெனி இன்ஜினியர் விளக்கினார். மாமாவின் தலையிலிருந்து கிடைப்பது அரைகுறைதானாம், பொதுவாக நோயாளிகள் என்ன சொல்வார்களோ அதை வைத்து மீதியை இயந்திரமே நிரப்பிக்கொள்ளுமாம், நிரப்பாவிட்டால் பேச்சு ஆமை வேகத்தில் வந்து பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடுமாம். பொதுவான மனிதனைப் பேசவைக்க இந்த மனிதனின் மண்டையை ஏன் துளைத்தீர்கள் என்று கேட்டேன். டையைச் சரிசெய்துகொண்டு கோட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

மாமா ஆமாம் என்றால் கண்ணை மூடுவார், இல்லை என்றால் மேலே பார்ப்பார். நீங்களா சம்மதம் சொன்னீர்கள் என்று அத்தை கேட்டாள். மேலே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பாருங்கள், மாட்டேன் என்கிறார் என்று அத்தை அழத் தொடங்கிவிட்டாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் மட்டும் அந்த நிரப்பும் வேலையை நிறுத்தச் சொன்னார். கோட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும் அளவு மெதுவாக, எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தது: "ஃபேனை நிறுத்துடி, குளிருது."

அவர் மேலே பார்த்தது ஃபேனையாகவும் இருக்கலாம், ஆகவே அவர் மறுத்துவிட்டார் என்றும் நான் எழுத மாட்டேன். அந்த ஒரு வரிக்காக அத்தை இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள், எனக்கும் அதன்மேல் கோபமில்லை. எனக்குக் காறித் துப்பத் தோன்றுவது குளிரில் நடுங்குகிறவன் வாயில் திணித்த அந்த மனமார்ந்த நன்றியைத்தான். உன் அலுவலகத்திலும் இப்படிப் பேச்சை நிரப்பும் இயந்திரம்தானே செய்கிறீர்கள், அங்கே யார் வாயில் யார் வார்த்தை என்று நீ கேள். கேட்டதற்காக வேலை போனால் போகட்டும், வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

மூக்குக்கண்ணாடியை மாற்று, தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு. வெள்ளிக்கிழமை காலை, கோட்டுக்காரர்கள் இல்லாமல், நிரப்பல் இல்லாமல் டாக்டர் மாமாவிடம் மறுபடி கேட்கப்போகிறார், பதில் வர இருட்டிவிட்டாலும் காத்திருப்பேன் என்றிருக்கிறார். மாமா என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது, அத்தைக்கும்தான்.

உன் அம்மா