சுறாவின் வால்

பம்பாய்
9-1-1946

அன்புள்ள பூமாரிக்கு,

நான் சுகம். புதுக் கப்பல் வந்துவிட்டது. யுத்தத்தில் முழுகிய எங்கள் பழைய கப்பலின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள்: ஷார்க். நம் ஊர்ச் சுறாதான். முகப்புப் பலகையில் சுறா வரையும் வேலை எனக்கு வந்தது. சீமையிலிருந்து வந்த மாதிரிப் படத்தில் வால் படுத்திருந்தது. படுத்த வால் ஓங்கலுக்கு, இவர்கள் டால்பின் என்கிறார்களே, அதற்கு. சுறா வால் நிமிர்ந்து நிற்கும் என்பது நெட்டுக்குப்பத்தானுக்குத் தெரியாதா? நிமிர்த்தி வரைந்தேன். வெள்ளைக்கார அதிகாரி குதிக்கிறான். அழித்து வரைந்து, தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லையென்றால் வேலை போய்விடுமாம். முடியாது என்றேன்.

உன்
சுப்புராஜ்

நெட்டுக்குப்பம்
17-1-1946

பிரியமுள்ள மாமாவுக்கு,

கடிதம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பங்குனிக்குள் பம்பாய்க்கு அழைத்துப் போகிறேன் என்றீர்களே! கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது நாற்பது நாள். "வாலு நின்னா இன்னா, படுத்தா இன்னா? கையெயுத்துப் போட்டுட்டு வேலையப் பாக்கச் சொல்லுடி" என்கிறார் உங்கள் அம்மா. நானும் அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு நான் வேண்டுமா, வால் வேண்டுமா?

கோபத்துடன்
பூமாரி

பம்பாய்
25-1-1946

பூமாரி,

நீதான் வேண்டும். ஆனால் கேள். பழைய கப்பலில் சுறா வரைந்தவன் அம்புரோஸ். நம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டானே, அவன்தான். வாலை நிமிர்த்தித்தான் வரைந்தான். அப்போது எவனும் வாய் திறக்கவில்லை. கப்பலோடு அவனும் போய்விட்டான். இன்று நான் தப்பு என்று கையெழுத்துப் போட்டால், அவன் வரைந்ததும் தப்பு என்றாகிவிடும். பத்தாம் தேதிவரை தவணை. நீ போடச் சொன்னால் போட்டுவிடுகிறேன்.

சுப்புராஜ்

நெட்டுக்குப்பம்
3-2-1946

மாமாவுக்கு,

பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா? ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் கரைக்கு ஒரு சுறா வந்தது. வாலை மட்டும் கேட்டு வாங்கி, உப்பிட்டுக் காயவைத்துப் பார்சல் கட்டினேன். தபால்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, நாத்தம் கொடலப் புடுங்குது" என்றார். "கப்பலுக்குப் போற சாமான், முத்திரையக் குத்துய்யா" என்றேன். குத்திவிட்டார்.

அதை அந்த அதிகாரி மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அம்மா என்னோடு பேசுவதில்லை. பம்பாய் இல்லை என்றானதில் எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். அதற்காக இறங்கிப் போய்விடாதீர்கள்.

எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள். சென்ட்ரலுக்கு நானே வருகிறேன்.

உங்கள்
பூமாரி