மாற்றி வாசித்த கடிதம்

கள்ளிக்குப்பம்,
4-9-1935

ரங்கூனில் இருக்கும் ஜெயராமன் அண்ணாத்தைக்கு, அடுத்த வீட்டுக் கங்காதரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே என் முட்டிவலியும் என் பெண்சாதியின் வாயும் குறைவில்லாமல் இருக்கின்றன. அங்கே உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் தம்பி வரதனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நீங்கள் நாகவல்லிக்குப் போட்ட கடிதமும் வந்தது. இந்தத் தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த கழுதை நான் ஒருவன்தான் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. "மூத்தாரு இன்னா எழுதிக்கீறாரு, படிண்ணா" என்று அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

'என் தம்பியைப் படுக்கையிலேயே கொன்றவள் நீ. என் வீட்டை விட்டுப் போ' என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மார்வலியோடு வந்தவனை அவள் சும்மா விடவில்லை என்று கிணற்றடியில் எல்லம்மா சொன்னாள். ஊரே கேட்டது; யார் மூலமோ ரங்கூன் வரைக்கும் வந்துவிட்டது. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நடந்தது வேறு. பளு தூக்காதே, ஓடாதே என்றார் டாக்டர். பெண்சாதியோடு சேரலாமா என்று கேட்க வரதனுக்கு வெட்கம். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் கிட்டப் போனவனுக்கு மூச்சு இரைத்தது. நாகவல்லி பயந்துபோய்த் தன் பாயை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு மாதம். "ஒடம்பும் கேக்க மாட்டேங்குது மச்சான். அவ என்னைப் பொணமாட்டம் பாக்கறா" என்று என்னிடம் வந்து சொன்னான்.

நான்தான் ஊர்ச் சிரிப்புக்காரன் ஆயிற்றே! பூந்தமல்லிச் சந்தைக்கு இழுத்துப் போய் ஆண்மை லேகியம் வாங்கிக் கொடுத்தேன். காலையில் சுண்டைக்காய் அளவு என்றான் விற்றவன். "நம்ம ஆளுக்கு எலுமிச்சங்காய் அளவாவது வேணும்பா" என்றேன். சந்தையே சிரித்தது. வரதனும் சிரித்தான். சிரித்தவன் அதையே அளவாக வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள், அவன் மார்வலி தீர வேண்டிக்கொள்ள. மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தவனை முதலில் பார்த்தவன் நான். பக்கத்தில் லேகிய டப்பா, பாதிக்கு மேல் காலி. அதை மடியில் சொருகிக்கொண்ட பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். காரணம் தேடிய ஊருக்கு அவள் அகப்பட்டாள்.

அதனால் உங்கள் கடிதத்தை மாற்றி வாசித்தேன். 'பயப்படாதே அம்மா, அது உன் வீடு, நான் இருக்கிறேன்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். காரியத்தன்றும் அழாதவள் அப்போது அழுதாள். காகிதத்தைக் கண்ணில் ஒற்றி அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தினாள். "மாடு செனையா கீது. கன்னு போட்டா மொத பாலை மூத்தாரு பேர்ல அம்மனுக்கு ஊத்தறேன்னு எழுதுண்ணா" என்றாள். எழுதிவிட்டேன்.

தீபாவளிக்கு அவள் அண்ணன் பரந்தாமன் வருகிறான். அவனுக்குப் படிக்கத் தெரியும். பானையிலிருந்து அதை எடுத்துப் பெருமையாகக் காட்டுவாள். அதற்குள் நான் வாசித்தபடியே ஒரு கடிதம் எழுதி என் பேருக்கு அனுப்புங்கள்; பழையதை எடுத்துவிட்டு அதை வைத்துவிடுகிறேன். யாரையாவது ஏசித்தான் ஆகவேண்டுமென்றால் என் பேரைப் போட்டுத் தனியாக எழுதுங்கள், அண்ணாத்தே. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்று, ஒரு எழுத்து மாற்றாமல் வாசிக்கிறேன்.

உங்கள் தம்பி மாதிரி என்று போடக் கை வராத,
கங்காதரன்