அடி கறுத்த தக்காளி

நாரின்,
ஜூன் 24

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நீங்கள் கேட்காமல் நானாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஏரிக்கரை மேய்ச்சல் மலையில் தொலைபேசி எடுக்காது என்பதால், குதிரைப் பால் வாங்க வரும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன குட்டைத் தக்காளிச் செடிகள் நன்றாக இருக்கின்றன. முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. என் அறைப் பால்கனியில், பழைய மயோனைஸ் வாளிகளுக்குள் அடக்கமாக நிற்கின்றன. இங்கே தேனீ வராததால் காலையில் பூக்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிடுகிறேன். இரவுக் குளிருக்கு வாளிகளை உள்ளே தூக்கி வைக்கிறேன். வாளி மண் நன்றாகக் காய்ந்து பிறகு திடீரென்று நனைந்தால் காயின் அடி கறுத்துவிடும். அதனால் அப்பா அனுப்பிய கழிவுக் கம்பளியை மண்மேல் பரப்பி, தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறேன்.

அடுத்த வாரம் ஆசிரியர் பயிற்சிக்குத் தலைநகர் பிஷ்கேக் போகிறேன். உங்கள் மகன் மிர்லானிடம் சாவியைக் கொடுத்து, தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். "இதெல்லாம் ஒரு வேலையா? கண்ணை மூடிக்கிட்டு ஊத்திடுவேன்" என்றார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வருங்கால மருமகள்,
சினாரா

*

சோங்-கோல் ஏரிக்கரை,
ஜூலை 1

சினாராவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா, பள்ளிக்கூடப் பாடமா என்று தெரியவில்லை. எனக்கே தக்காளி வளர்க்கச் சொல்லித் தருகிறாய்.

ஆட்டுக்காரன் மகள் என்பதை வாளியில்கூட விட மாட்டாய் போலிருக்கிறது. தக்காளிக்குக் கம்பளி போர்த்தியவள், அப்படியே ஒரு தொப்பியும் தைத்துப் போட்டிருக்கலாமே. கூடாரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். என் அண்ணி சிரித்துப் புரண்டாள். "உன் மருமக டிப்ளமா வாங்கினது ஆட்டுக்கிட்டயா, சபிரா?" என்று கேட்டாள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

கம்பளியைத் தூக்கி எறி. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு. வாளிக்கு ஒரு துருப்பிடித்த ஆணியைச் சொருகு. வாரத்துக்கு ஒருமுறை பால் ஊற்று. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வருடாவருடம் காய்க்க வைத்தவள் நான். எந்தப் புத்தகத்தையும் புரட்டியதில்லை.

ஆகஸ்டு நடுவில் அண்ணியோடு இறங்கி வந்து உன் காதில் கம்மல் போடுவேன். போட்ட நிமிடத்திலிருந்து நீ எங்கள் வீட்டுப் பெண், அப்புறம் பேச்சே இல்லை. அன்றைய விருந்து மேசையில் என் தக்காளிதான் இருக்க வேண்டும். உன் கையில் செடிகள் என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது. நல்லவேளை, மிர்லான் இருக்கிறான். சொன்னதைச் செய்கிறவன்.

சபிரா

*

நாரின்,
ஜூலை 14

மரியாதைக்குரிய அத்தைக்கு,

பயிற்சி முடிந்து திரும்பிவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன். பெரும்பாலான காய்களின் அடி கறுத்து, செருப்புத் தோல்போலக் குழிந்திருக்கிறது. வேறு சில மேலே பிளந்திருக்கின்றன. பிளப்பது, காய்ந்து கிடந்த வாளியில் ஒரே நாளில் வெள்ளம்போல ஊற்றினால் வருவது.

மிர்லானிடம் கேட்டேன். "தினமும் ஊத்தினேனே. எல்லாம் உன் கம்பளி பண்ணின வேலை" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு காயைப் பறித்து, கறுத்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைத் தின்றார். "மேல நல்லாத்தானே இருக்கு?"

கீழ்வீட்டு ஜைனூர் அக்கா படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் மாப்பிள்ளை ஒரே ஒரு நாள்தான் வந்தாரும்மா. நீ வர்றதுக்கு முந்தின நாள். வாளி வாளியா ஊத்தி, கீழ நான் காயப்போட்டிருந்த மெத்தையெல்லாம் நனைஞ்சு போச்சு. கேட்டா, 'மழை பெய்யுது போல'ன்னு வானத்தைப் பாக்கறாரு. வானத்துல ஒரு மேகம் கிடையாது."

கெட்ட காய்களைப் பறித்துவிட்டேன். பழையபடி ஊற்றி வருகிறேன்; மிச்சக் காய்களும் புதுப் பிஞ்சுகளும் சுத்தமாக இருக்கின்றன. ஆணியும் பாலும் சேர்க்கவில்லை, மன்னிக்கவும்.

காய் போனதில் எனக்கு வருத்தமில்லை. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சினாரா

*

சோங்-கோல் ஏரிக்கரை,
ஜூலை 22

சினாரா,

கம்மல் போடுவதற்கு முன்பே விசாரணையா? மாடிப்படியில் நின்று கீழ்வீட்டுக்காரியிடம் துப்புக் கேட்கத்தான் உன்னை ஐந்து வருடம் படிக்க வைத்தார்களா?

எங்கே இருந்தான் என்றா கேட்கிறாய்? இங்கேதான் இருந்தான். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு குதிரைப் பால் குடித்தான், குதிரைப் பந்தயம் பார்த்தான். அதனால் என்ன? தக்காளிக்குக் காவல் நிற்கவா ஆண்பிள்ளை பெற்றேன்?

உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் சொல்கிறேன். ஆண் ஒன்று சொன்னால் வீட்டுப் பெண் தலையாட்ட வேண்டும். அவன் அப்பா, வேலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வருவார். ஆமாம் என்று சூப்பை எடுத்து வைப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் குடும்பம் நடத்தினேன். எனக்கு என்ன குறைந்துவிட்டது?

விருந்தில் அண்ணி தக்காளியைப் பற்றிக் கேட்பாள். "மிர்லான் தினமும் ஊற்றினார், என் கம்பளியால்தான் கெட்டது" என்று எல்லார் முன்னாலும் நீ சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல். அதைச் சொல்லத் தெரியாத காதுக்குக் கம்மல் எதற்கு?

சபிரா

*

நாரின்,
ஆகஸ்டு 3

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. நீங்கள் உண்மையை ஒளிக்காமல் எழுதினீர்கள். அந்த மரியாதை எனக்கு இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

நேற்று மிர்லான் வந்திருந்தார். ஏரிக்குப் போயிருந்தீர்களாமே என்று கேட்டேன். "நானா? ஏரிக்கா? எவன் சொன்னான்?" என்றார். உங்கள் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவர் முதல் வரிகளை மட்டும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சினாரா. எந்த வருஷத்துல எது நடந்ததுன்னே இப்பல்லாம் தெரியறதில்ல. எதையோ எழுதறாங்க, நீ கண்டுக்காதே."

அப்புறம் தேநீருக்கு இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்டார். கொடுத்தேன்.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்காக ஊரார் முன்னால் தலையாட்டுகிறீர்கள். அவர் உங்களை நினைவு தப்பிய கிழவியாக்க ஒரு வாய்த் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. நாளைக்கு என்னை என்னவாக்குவார் என்று யோசித்தேன். பயம் வரவில்லை, அத்தை. ஒரு பெரியவர் குழந்தையின் பொம்மையைத் திருடுவதைப் பார்த்தால் எப்படிக் கூசும், அப்படித்தான் கூசியது.

தக்காளி பழுத்துவிட்டது. ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை. இந்த வண்டியிலேயே ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். உங்கள் அண்ணிக்கும் கொடுங்கள். செடிகளைக் கீழ்வீட்டு ஜைனூர் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். நீங்கள் இறங்கி வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கம்மலைக் கொண்டு வராதீர்கள். இதை மிர்லானிடம் தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், நான் சொல்லவே இல்லை என்று உங்களிடம் வந்து சொல்வார், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

சினாரா