மதகைத் திறந்த மூன்று நாள்

ஜனவரி 6, 2025
வயலுக்குப் போய் வந்தேன். தாளடிப் பயிர் கதிர் விட்டு நிற்கிறது, மண் வெடித்துக் கிடக்கிறது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏரியில் இருக்கிறது. ஆனால் மதகுச் சுவரில் என் வீட்டுக்காரர் போட்ட சிவப்புக் கோடும் இருக்கிறது. நாரைக் குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் தண்ணீரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்தது. அவர் இருபது வருடம் இந்தச் சரணாலயத்தில் பறவைக் காவலராக இருந்தார். கார்த்திகையில் நெஞ்சுவலி வந்தது, ஒரே நாளில் போய்விட்டார். மதகுச் சாவியை யாரும் இன்னும் வந்து கேட்கவில்லை.

ஜனவரி 9
வனத்துறை பிரகதீஸ்வரி மேடம் வந்தார்கள். அவர் பார்த்த வேலையை எனக்கே கேட்டு எழுதியிருக்கிறார்களாம். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றேன். "உங்களுக்குத் தெரியாத பறவையா அம்சம்மா?" என்றார்கள். அவர்கள் போனதும் அழுதேன்.

ஜனவரி 15
மாட்டுப் பொங்கல். துக்க வீடு, எங்களுக்குப் பொங்கல் கிடையாது. ஊரே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. நான் ஏரிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து மதகை நாலு சுற்று தூக்கினேன். சாயங்காலம் இறக்கிவிடலாம் என்றுதான்.

ஜனவரி 16
இறக்கவில்லை. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒரு நாள்.

ஜனவரி 18
விடியும்போது போய் மூடினேன். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு முழம் கீழே நிற்கிறது. நாரைகள் கூடு கட்டியிருக்கிற கருவேல மரங்களைச் சுற்றி வெறும் சேறு.

ஜனவரி 20
நாய் எல்லாம் சேத்துல நடந்தே மரத்துக்குப் போயிருக்கு. தாழ்ந்த கிளையில ஒரு கூடு பாக்கியில்லை. குஞ்சு ஒண்ணு கரையில கிடந்துச்சு, இறக்கைகூட சரியா முளைக்கல. தொட்டா இன்னும் சூடு. நான்தானே செஞ்சேன். அவர் இருந்திருந்தா — அவர் இருந்திருந்தா சாவி என் கைக்கு ஏன் வருது.

ஜனவரி 22
எல்லோரும் கண்ணுசாமி அண்ணனைச் சொல்கிறார்கள். எனக்கு அடுத்த வயல்காரர். தண்ணீருக்காக வருடா வருடம் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றவர். கள்ளச்சாவி போட்டாராம். டீக்கடையில், "குஞ்சுக் கறி ருசியா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார்களாம். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

மேடம் என்னிடம் சாவியைப் பற்றிக் கேட்டார்கள். பத்திரமாக இருக்கிறது என்றேன். பொய்யா அது? கண்ணுசாமி அண்ணன் மேல் கேஸ் எழுதப் போகிறார்களாம். நாளைக்கு வந்து வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

ஜனவரி 23
போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 25
சொல்லிவிட்டேன். வனத்துறை ஆபீஸில் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டார்கள். "உங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தானே உங்களுக்குக் கேட்டேன்" என்றார்கள். வேலை இல்லை. கேஸ் இனி என் பேரில்.

அங்கிருந்து நேரே கண்ணுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். கண்டபடி ஏசுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணு நாளு என் வயலுக்கும் அந்தத் தண்ணிதான் வந்துச்சு. எங்கேருந்து வருதுன்னு நான் போய்ப் பாக்கல."

உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 2
உயரக் கிளைகளில் இன்னும் குஞ்சுகள் இருக்கின்றன. கீழே சேறு இருக்கிற வரை நாய் வரும். தினமும் கம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9
இன்று போகும்போது மேற்குக் கரையில் கண்ணுசாமி அண்ணன் எனக்கு முன்னமே வந்து நாயை விரட்டிக்கொண்டிருந்தார். நான் கிழக்குக் கரைக்குப் போனேன்.