என் சோப்புத் தண்ணீரும் மாப்பிள்ளையின் வினிகரும்

மார்ச் 3, செவ்வாய்

வருங்கால உலகமே, காதைத் தீட்டிக்கொள். இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஈ, காக்கை கூட நம்பாது. என் தங்கை நம்பமாட்டாள். அவள் மகளோ, "மாமா, அளந்தது போதும், கடையை மூடுங்க" என்பாள். இருக்கட்டும். சலவைச் சக்கரவர்த்தியாகிய நான், இஸ்திரிப்பெட்டியின் மேல் வலது கையை வைத்து (கொதித்தது, உடனே எடுத்துவிட்டேன்) சத்தியம் செய்கிறேன்: எழுதுவது அத்தனையும் நிஜம்.

இன்று காலை, தங்கும் விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் என் இயந்திரத்துக்குள் பிரளயம் நடத்திக்கொண்டிருந்தபோது, கழிவுநீர் வாரியத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வாசலில் இருக்கும் சாக்கடை மூடியைத் திறக்கச் சொன்னார். மூக்கைப் பொத்தாமல் எட்டிப் பார்த்தார். விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் தாளை எடுத்து என் தண்ணீரில் தோய்த்தார். தாள் கருநீலமாக மாறியது.

"சார், உங்க தண்ணி ரொம்பக் காரம்."

"காரமா? நான் விரிப்பு துவைக்கிறேம்மா, மிளகாய் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் வாரியம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது போல. அவருக்குத் தாள்காரம்மா என்று பெயர் சூட்டிவிட்டேன்.

தாள்காரம்மா சொன்னதன் சுருக்கம்: கடைத் தண்ணீரை அப்படியே பாதாளச் சாக்கடைக்கு அனுப்பக்கூடாது. பிசிறை வடிகட்டணும். சூட்டை ஆற்றணும். காரமும் புளிப்பும் தலைதூக்காமல் நடுவாக்கணும். தாள் பச்சையானால் பிழைத்தேன். ஆகாவிட்டால் மாதக் கடைசியில் என் குழாயை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் வெளியே போகாவிட்டால் சலவை இல்லை. சலவை இல்லாவிட்டால் நான் யார்? வாய் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு கிழவன்.

"சுத்திகரிப்பு நிலையத்துல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு சார். ஊர் அழுக்கை அதுங்கதான் தின்னு தீர்க்குது. உங்க தண்ணி போய்ச் சேர்ந்தா அத்தனையும் செத்துடும்."

ஆக, இத்தனை காலமாகக் கோடி உயிர்களின் சோற்றில் சோப்பைக் கரைத்திருக்கிறேன். எந்தச் சக்கரவர்த்தியும் செய்யாத கொடுமை.

ஒரே ஓர் ஆறுதல். அடுத்து அவர் பக்கத்து வாசலுக்குப் போனார். அது என் தங்கை புருஷனின் வினிகர் பட்டறை. பீப்பாய் கழுவிய தண்ணீரில் தாள் ரத்தச் சிவப்பானது. கடும் புளிப்பு! மாப்பிள்ளைக்கும் அதே கெடு. இன்று நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 5, வியாழன்

பிசிறு வடிகட்டி மாட்டியாயிற்று. ஒரே நாளில் சேர்ந்த பஞ்சைக் கொண்டு ஓர் ஆடு செய்தேன். 'மே' என்றது.

மார்ச் 9, திங்கள்

உலகின் தலைசிறந்த மூளை இன்று அவமானப்பட்டது.

காரம் அதிகம் என்றால் தண்ணீரை ஊற்று, குறைந்துவிடும். இதற்கு எதற்கு வாரியம்? தாள்காரம்மா வரும் நேரம் பார்த்து எல்லாக் குழாய்களையும் திறந்து நல்ல தண்ணீரைச் சாக்கடைக்குள் பாய்ச்சினேன். நதிகள் நாணும் வெள்ளம். அவர் தோய்த்தார். தாள் பச்சை! இளந்தளிர்ப் பச்சை! நான் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

அந்த அம்மா தாளைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். அது பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தி நீர்க்க வைக்கிறது விதிப்படி தப்பு சார். ஒரு மூட்டை அழுக்கைப் பத்து பையில பிரிச்சுப் போட்டா அழுக்கு குறைஞ்சிடுமா?"

குழாய்களை மூடினேன். முற்றத்தின் நடுவே நிற்கும் பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது. சிரிப்பு. எனக்குத் தெரியாதா மாப்பிள்ளையின் குரல்?

மார்ச் 10, செவ்வாய்

பீப்பாய்கள் வந்த கதையை எழுதிவைக்கிறேன், சரித்திரத்துக்குத் தேவைப்படும்.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே முற்றம். போன வருஷம் ஒரு விடுதிக்காரர் என் விரிப்புகளைத் திருப்பி அனுப்பினார். "இதுல படுத்தா வினிகர் ஜாடிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்றாராம். நான் முற்றத்தில் நின்று மாப்பிள்ளையின் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். (இரண்டு என்பது என் அடக்கம்.) அவரும் விடவில்லை. "என் வினிகர்ல சோப்பு வாசம் அடிக்குதுன்னு நானும்தான் திட்டு வாங்குறேன். உங்க காத்தை உங்க பக்கமே வெச்சுக்குங்க மச்சான்" என்றார். அன்று சாயங்காலமே முற்றத்தின் நடுவில் காலிப் பீப்பாய்களை அடுக்கி எல்லை கட்டிவிட்டார். கல்யாணமாகி மகளுக்கே கல்யாண வயசு வந்துவிட்டது, இன்னும் மாப்பிள்ளை முறுக்கு இறங்கவில்லை!

அதிலிருந்து பேச்சு கிடையாது. எதுவானாலும் தங்கை வழியாகத்தான். இன்று காலைகூட:

"அவர்கிட்ட சொல்லும்மா, பீப்பாய் ஒண்ணு என் பக்கம் சாயுதுன்னு."

"மச்சான்கிட்ட சொல்லு, சாயுறது பீப்பாய் இல்ல, அவர் பார்வைன்னு."

இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பீப்பாய் அகலம். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, ஒரு நாளைக்கு இந்தத் தபால் ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிடுவேன் பாருங்க."

மார்ச் 13, வெள்ளி

காரத்தைக் கொல்லப் புளிப்பு வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புளிப்பு என்றால் வினிகர். பக்கத்தில் ஒரு பட்டறை நிறைய வினிகர் இருக்கிறது. அதற்காக? நான் போய்க் கேட்பதா? பேருந்து ஏறி, ஊரின் அடுத்த கோடிக்குப் போய், இரண்டு பெரிய கேன் வினிகர் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். கை இரண்டும் முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டன. இனி குனியாமலே செருப்பு மாட்டலாம்.

வாசலில் எதிரே மாப்பிள்ளை. தோளில் ஒரு மூட்டை. எழுத்தைப் படித்தேன்: சலவை சோடா. புளிப்பைக் கொல்லும் காரம்.

என் கடையில் மலை மலையாகக் கிடப்பதும் அதுதான்.

அவர் என் கேன்களைப் பார்த்தார். நான் அவர் மூட்டையைப் பார்த்தேன். பிறகு இருவரும் வானத்தைப் பார்த்தோம். வானத்தில் ஒன்றுமில்லை.

படியில் நின்ற தங்கை முதலில் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாசக் கடைசில ரெண்டு வாசலையும் அடைக்கப் போறாங்க. புருஷன் கடையும் போச்சு, பொறந்த வீட்டுக் கடையும் போச்சு. நீங்க ரெண்டு பேரும் அப்பவும் வானத்தைப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

இதற்கு நான் என்னத்தை மிகைப்படுத்தி எழுத?

மார்ச் 14, சனி

தங்கையின் ஆணை. முற்றத்து ஓரத்தில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. என் காரத் தண்ணீர் ஒரு குழாயில், மாப்பிள்ளையின் புளிப்புத் தண்ணீர் இன்னொரு குழாயில், இரண்டும் அந்தத் தொட்டியில் கலக்கணும். தாள் பச்சையான பிறகுதான் சாக்கடைக்குத் திறப்பு. தாள்காரம்மாவிடமே போனில் கேட்டுவிட்டாளாம். திங்களன்று வந்து பார்க்கிறேன் என்றாராம்.

"மெதுவா விடணும். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கேட்டு விடணும். புரிஞ்சுதா?"

நான் தலையாட்டினேன். மாப்பிள்ளையும் தலையாட்டினார். தனித்தனியாக, வெவ்வேறு திசை பார்த்து.

மார்ச் 16, திங்கள்

எரிமலைகளே, வெட்கப்படுங்கள்.

தாள்காரம்மா வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். நான் என் வால்வருகே. மாப்பிள்ளை அவர் வால்வருகே. கேட்டுக்கேட்டு விடணும். யார் முதலில் கேட்பது? நான் கணக்குப் போட்டேன்: மாப்பிள்ளை எதையும் இழுத்துப் பிடித்துச் செய்கிறவர், சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார், நாம் முழுசாகத் திறந்தால்தான் சரிக்குச் சரி. திறந்தேன். அவரும் என்னைப் பற்றி அதே கணக்குப் போட்டிருக்கிறார் என்பது தொட்டி உறுமியபோதுதான் தெரிந்தது.

சலவை சோடா, சோப்பு, வினிகர். முதலில் ஒரு கொட்டாவி போல நுரை எழுந்தது. அப்புறம் தொட்டியை விழுங்கியது. பீப்பாய்களைத் தாண்டியது. கொடியிலிருந்த விரிப்புகளைத் துவைத்த கையோடு மறுபடி துவைத்தது. தெருவுக்குப் பாய்ந்து ஸ்கூட்டரை முழுங்கிக் கண்ணாடியை மட்டும் துப்பியது. மாடி உயரம் போய், அதற்கும் மேலே போனது. விமானம் ஒன்று மேகமென்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போயிற்று. வெள்ளை. எங்கும் வெள்ளை. எனக்கு வாய் நிறைய நுரை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக என்னால் பேச முடியவில்லை.

அப்போது ஒரு குரல்.

"மச்சான்! மச்சான், எங்க இருக்கீங்க? குரல் குடுங்க!"

ஒரு கை துழாவி வந்து என்னைப் பிடித்தது.

"மாப்ளே, அது என் காது!"

"சும்மா இருங்க மச்சான், கையில அதுதான் கிடைச்சுது."

"வால்வை மூடுங்க!"

"நீங்க முதல்ல மூடுங்க!"

"சேர்ந்து மூடலாம். ஒண்ணு, ரெண்டு..."

நுரை அடங்கியபோது, சாக்கடைக்குப் போகும் வழியை ஒரு பலகையால் மூடி, அதன்மேல் என் தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை. "ஒரு சொட்டு உள்ள போகலைங்க" என்று தாள்காரம்மாவிடம் அறிவித்தாள்.

அந்த அம்மா கண்ணிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு தொட்டியில் தாளைத் தோய்த்தார். பச்சை.

"கலவை சரி. கலந்த விதம்தான் கலவரம்" என்றார். "அனுமதி தரணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஒரே தொட்டி, ஒரே இணைப்பு. ஒருத்தர் தப்பு பண்ணினா ரெண்டு கடைக்கும் அடைப்பு. சம்மதமா?"

நானும் மாப்பிள்ளையும் தங்கையைப் பார்த்தோம்.

"என்னைப் பார்க்காதீங்க. தபால் ஆபீஸ் பூட்டியாச்சு."

மார்ச் 17, செவ்வாய்

ஊரே என் வாசலில் வந்து, "என்ன சார், நேத்து வெடிச்சீங்களாமே?" என்கிறது. சாக்கடைக்குள் போக ஒரு பாதாள நாகம் வழி கேட்டது, மறுத்தேன், சீறிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

தினமும் ஒத்திகை. எத்தனை தாளை வீணடித்தோம் என்று கேட்காதே நோட்டே.

"மச்சான், கால் சுத்து திறங்க. கால் சுத்துன்னேன், அரை சுத்து இல்ல!"

"இது கால்தான் மாப்ளே. என் கை பெரிசு."

"உங்க வாய்தான் பெரிசு. நிறுத்துங்க, நீலம் அடிக்குது."

"அப்ப நீங்க கொஞ்சம் புளிங்க."

பீப்பாய்கள் மார்பு வரை மறைப்பதால் ஒருவர் கையை மற்றவர் பார்க்க முடியவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே கத்தினால் காதும் சரியாகக் கேட்கவில்லை. இன்று மாப்பிள்ளை பீப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டி அவர் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கடைசி இரண்டை நான் உருட்டினேன். அவை ஒவ்வொன்றும் யானைக் கனம். (காலிதான்.)

மார்ச் 31, செவ்வாய்

தாள்காரம்மா வந்தார். தொட்டியில் தோய்த்தார். பச்சை. வெளிவாசல் சாக்கடையில் தோய்த்தார். பச்சை. மீட்டரையும் ஒரு பார்வை பார்த்தார், அது யோகி போல அசையாமல் இருந்தது. அடைப்புக் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கை உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

போகும்போது தாள்காரம்மா சிரித்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான்.

ஏப்ரல் 11, சனி

காலையில் மாப்பிள்ளை சரக்கு இறக்கப் போயிருந்தார், வர நேரமாகிவிட்டது. என் தண்ணீர் வால்வுக்குப் பின்னால் நிரம்பி நின்றது. மூட்டை மூட்டையாக விரிப்புகள் காத்துக் கிடந்தன. விடுதிக்காரர் வந்து, "ஏன் இன்னும் மிஷினைப் போடலை?" என்றார். "மாப்பிள்ளை வரணும்" என்றேன். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவர் போல அவரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் இந்த நோட்டைப் புரட்டினேன். இஸ்திரிப்பெட்டி மேல் செய்த சத்தியம் உறுத்துகிறது. சரி, சொல்லிவிடுகிறேன். விமானம் வரவில்லை. நாகம் இல்லை. ஆடு பேசவில்லை. ஸ்கூட்டரில் சக்கரம் மட்டும்தான் நனைந்தது. நுரை என் முழங்காலுக்கு மேல் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. அன்றைக்கு நான் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே, பளிச்சென்று, முகம் முழுசாகத் தெரியும்படிதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "மச்சான், எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டாரே. அது நிஜம்.