காற்று என்று நான் சொன்னது

லாயாங் லாயாங்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை, இருக்கிறோம். அப்பா நேற்றுதான் வேலைக்குப் போனார். உன் தங்கச்சி லோஷினியின் பள்ளிப்பை கொக்கியிலேயே தொங்குகிறது, எடுக்க வேண்டாம் என்கிறார். மருத்துவப் படிப்பை விடப்போவதாக அவரிடம் சொன்னாயாம். தங்கச்சிக்கு என்னவென்று கண்டுபிடிக்கத் தெரியாத நான் இனி எதற்குப் படிக்கணும் என்று அழுதாயாம். அதனால்தான் போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

லாரி நம் காரை இடித்த அன்று லோஷினிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் அவள் பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா, நெஞ்சுக்குள்ள வயிறு கத்துது" என்றாள். "சோறு லேட்டானா வயிறு மாடி ஏறி வந்து கேக்கும்லா" என்று அப்பா சிரித்தார், அவளும் சிரித்தாள், நான் தைலம் தடவினேன். அன்று மாலை நீ கூப்பிட்டு, வாந்தி உண்டா, மூச்சு வாங்குகிறதா, வேறு என்ன சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். ஒன்றுமில்லை, வயிற்றில் காற்றுதான் என்றேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் இரண்டு தலையணை கேட்டதைக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் உனக்குப் பரீட்சை.

மூன்று நாள் கழித்து, வாந்தி நிற்காமல் கொண்டுபோனபோது, மூக்கு வழியாகக் குழாய் விட்டு மறுபடி படம் எடுத்தார்கள். வயிற்றில் இருக்க வேண்டிய குழாயின் நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. உதரவிதானம் கிழிந்து இரைப்பை மேலே ஏறி முறுக்கிக்கொண்டது, அடிபட்ட அன்றே கிழிந்திருக்கும், முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் போனவள் கண் திறக்கவில்லை. உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி. பள்ளிப் பாடத்தில் எத்தனையோ தடவை படித்த சொல்தான், அது என் பிள்ளைக்குள் கிழிந்து கிடந்ததை நான் அறியவில்லை.

நீ கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாய், கண்ணு. அவளும் உள்ளது உள்ளபடியே சொன்னாள். நடுவில் நின்ற நான், அவள் சொல்லை உனக்குத் தராமல் என் சொல்லைத் தந்துவிட்டேன். கோபம் வந்தால் என் மேல் காட்டு, படிப்பை விடாதே. அடுத்த மாதம் குழந்தைகள் வார்டு என்றாயே, போ. அங்கே அம்மாவிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேள். அப்பாவுக்கு மட்டும் அன்றைய சிரிப்பை நினைவுபடுத்திவிடாதே.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் அம்மா,
கஸ்தூரி