தொப்புள் இல்லாத கோலிகள்

மார்ச் 4
அண்ணனுக்கு இனி யாரையும் அடையாளம் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து என்னைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் அவனுக்கு ஒன்றுதான்; வாயில் ஒரு சொல் இல்லை. மத்தியானம் சும்மா அவனுடைய கோலி ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பழைய சாமான் கடைகளில் நாயாய் அலைந்து சேர்த்த கண்ணாடிக் கோலிகள் அவை. கட்டைவிரலால் உருட்டினான், உருட்டினான், ஓரிடத்தில் நிறுத்தினான்.

“பழசு” என்றான்.

பழசேதான்! அந்தக் காலத்தில் கோலியைக் கண்ணாடிக் கம்பியிலிருந்து கையால் வெட்டி எடுப்பார்கள். வெட்டிய இடத்தில் சொரசொரவென்று ஒரு வடு இருக்கும். அதைத் தொப்புள் என்பான். இயந்திரத்தில் செய்த புதுக் கோலிக்கு அது கிடையாது. “கலரைப் பாத்து ஏமாறாதே, தொப்புளைத் தேடு” என்று எத்தனை தடவை என் உயிரை வாங்கியிருப்பான்!

மார்ச் 5
குருட்டு அதிர்ஷ்டமோ? பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. உள்ளேதான் இருக்கிறான். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மார்ச் 9
ஒரு கோலியைக் கொண்டுபோய்க் காட்டி டாக்டரிடம் சொன்னேன். “அது விரலோட பழக்கம்மா. ரொம்ப நம்பிடாதீங்க” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

காலையும் மாலையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அவன் கட்டைவிரல் சிவந்து புண்ணாகியிருக்கிறது. “பாவம், விடேன்” என்கிறாள் அண்ணி. எப்படி விடுவது?

மார்ச் 12
அண்ணி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். எல்லாக் கோலியும் பளபளவென்று. ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

“கல்லுக்கு மெருகு போடுற கடையில கொடுத்தேன். அவர் விரலைக் குத்துதே, அந்தச் சொரசொரப்பை மட்டும் தேய்ச்சுடுங்கன்னு சொன்னேன். எப்படி மின்னுது பாரு!”

ஐயோ அண்ணி. என்ன காரியம் பண்ணிட்டீங்க. மனசுக்குள்தான் கத்தினேன். அந்தச் சொரசொரப்பை வைத்துத்தான் அவன் கண்டுபிடிக்கிறான் என்று அவளிடம் நான் சொன்னதேயில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? “நல்லா இருக்கு” என்றேன்.

மார்ச் 13
எல்லாமே “புதுசு”. இல்லாத தொப்புளைத் தடவித் தடவித் தேடுகிறான். அவன் சொல்வது சரியா, தப்பா? இனி எதை வைத்துக் கண்டுபிடிப்பேன் — இருக்கிறானா, போய்விட்டானா?

மார்ச் 16
ஒன்று தப்பியிருக்கிறது! டாக்டரிடம் காட்டியது, கைப்பையிலேயே கிடந்திருக்கிறது. தொப்புளோடு.

கொடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 20
இன்றும் கொடுக்கவில்லை.

மார்ச் 21
கொடுத்தேன். கட்டைவிரல் தொப்புளின் மேலேயே கிடந்தது. உருட்டவில்லை. தேடவில்லை. “புதுசு” என்றான். கோலியை எடுத்துக்கொண்டேன். வெறுங்கையைப் பார்த்தும் “புதுசு” என்றான்.

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்: “சரியாச் சொன்னாரா?”

“சரியாத்தான் சொன்னான், அண்ணி.”

அவளுக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் விரலைத் தூக்கிக் காட்டினாள். “புண்ணும் ஆறிப்போச்சு, பாத்தியா?”

பார்த்தேன். ஆறித்தான் போயிருக்கிறது.